ஜூன்டீன்த்தும் அமெரிக்க அடிமை ஒழிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டன் பக்கம் நம்ம ஆளுங்க வாட்ஸப் குரூப்ல ஜூன் மாசம் பொறந்தா போதும், இதே கேள்விங்க சுத்திச் சுத்தி வரும். ஒவ்வொரு வருஷமும் கட்டைவிரல் தேய டைப் பண்றதுக்கு ஒரேடியா இங்க எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் "நீங்க ஒரு சைடா பேசறீங்க"ன்னு வராதீங்க. அமெரிக்காவுல அடிமைத்தனம் ஒழிஞ்சதுல பாதி வேலைய அடிமையா இருந்தவங்களே ஓடியும் சண்டை போட்டும் செஞ்சு முடிச்சாங்க, அதுக்கப்புறம் அவங்க கேட்ட கூலிக் கணக்கு இன்னிக்கு வரைக்கும் செட்டில் ஆகல. கீழ இருக்கிற பதில் எல்லாம் இந்த இடத்துல இருந்துதான் வருது.

ஜூன் 19 எதுக்கு லீவு?

1865 ஜூன் 19ஆம் தேதி டெக்சாஸ்ல கால்வஸ்டன் துறைமுகத்துல யூனியன் ராணுவத்தோட (சிவில் வார்ங்கிற உள்நாட்டுப் போர்ல வடக்குப் பக்கம்) ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் 'ஜெனரல் ஆர்டர் நம்பர் 3'ன்னு ஒரு உத்தரவு போட்டார். டெக்சாஸ்ல இருக்கிற அடிமைங்க எல்லாரும் விடுதலைன்னு. அப்போ டெக்சாஸ்ல மட்டும் சுமார் 2.5 லட்சம் பேர் அடிமையா இருந்தாங்க. ஜூன், நைன்டீன்த் ரெண்டையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லி ஜூன்டீன்த் ஆயிடுச்சு.

கிரேஞ்சர் பால்கனில நின்னு கூட்டத்துக்கு முன்னாடி கம்பீரமா படிச்சார்னு ஒரு படம் எல்லார் மனசுலயும் இருக்கு, அதுக்கு ஆதாரம் கிடையாது. உத்தரவு பேப்பர்ல அச்சாகித்தான் பரவுச்சு.

அந்த உத்தரவை ஒரு தடவை முழுசா படிங்க, மொத்தமே ஒரு பத்திதான். ஆரம்பத்துல முன்னாள் எஜமானுக்கும் முன்னாள் அடிமைக்கும் முழுச் சமத்துவம், சொத்துரிமை உட்படன்னு பிரமாதமா இருக்கும். அப்படியே கீழ வந்தா, இப்ப இருக்கிற இடத்துலயே அமைதியா இருந்து கூலிக்கு வேலை பாருங்க, ராணுவ முகாம் பக்கம் கூட்டமா வராதீங்க, சும்மா உக்கார்ந்திருந்தா யாரும் சோறு போட மாட்டோம்னு முடியும். இருநூறு வருஷத்துக்கு மேல சம்பளமே இல்லாம உழைச்ச ஜனத்துகிட்ட விடுதலை குடுத்த அதே பேப்பர்ல "சோம்பேறியா இருக்காதே"ன்னு அட்வைஸ். எனக்கு இதைப் படிக்கிறப்ப எல்லாம் கடுப்பாகும்.

1863லயே லிங்கன் எல்லாரையும் விடுவிச்சுட்டாரே? அப்புறம் ஏன் 1865?

எல்லாரையும் விடுவிக்கல. 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம், கலகம் பண்ணிப் பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களுக்கு மட்டும் போட்ட போர்க்கால உத்தரவு. யூனியன் பக்கமே நின்ன அடிமை மாநிலங்கள் நாலு இருந்துச்சு, டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி. அதை எல்லாம் தொடல. டென்னசியையும், லூசியானா வர்ஜீனியால ஏற்கனவே யூனியன் கைக்கு வந்த சில பகுதிகளையும் விட்டுட்டாங்க. அதனால பிரகடனத்தால ஒருத்தர்கூட விடுதலை ஆகலன்னு சிலர் கிண்டலா சொல்வாங்க, அதுவும் தப்பு, தென் கரோலினா கடலோரத் தீவுகள்ல அன்னிக்கே ஆயிரக்கணக்கான பேர் விடுதலை ஆனாங்க, அதுக்கப்புறம் ராணுவம் முன்னேற முன்னேற அந்தந்த ஊர்ல உத்தரவு உயிர் பெற்றுச்சு. டெக்சாஸ் ரொம்ப மேற்கால, ராணுவம் கடைசியாத்தான் வந்துச்சு.

1862 டிசம்பர் 31 ராத்திரி கறுப்பின மக்கள் சர்ச்சுகள்ல கூடி, நாளைக்கு நிஜமாவே கையெழுத்து விழுமான்னு விடிய விடிய முழிச்சிருந்தாங்க. 'வாட்ச் நைட்'னு இன்னிக்கும் நிறைய கறுப்பினச் சர்ச்சுகள்ல நியூ இயர் ராத்திரி ஆராதனை நடக்குதே, அதுல இந்த நினைப்பும் கலந்திருக்கு.

டெக்சாஸ் அடிமைகளுக்கு நியூஸ் ரெண்டரை வருஷம் லேட்டா போச்சாமே?

இது அரை உண்மை. ஆண்டைங்களுக்கு நல்லாத் தெரியும், பிரகடனத்தைப் பத்தி டெக்சாஸ் பேப்பர்லயே வந்துச்சு. தெரிஞ்சதாலதான் லூசியானா பக்கத்து முதலாளிங்க யூனியன் ராணுவம் கிட்ட வர வர, தங்களோட அடிமைங்களை ஓட்டிக்கிட்டு டெக்சாஸுக்கு வந்தாங்க, ஆயிரக்கணக்குல. அடிமைங்கள்லயும் நிறைய பேருக்கு அரசல் புரசலா சேதி தெரிஞ்சிருக்கு. அமல்படுத்த துப்பாக்கியோட ஆள் இல்ல, அவ்வளவுதான் விஷயம். கிரேஞ்சர் வந்ததுக்கு அப்புறமும் அறுவடை முடியட்டும்னு சொல்லாமலே வேலை வாங்குன முதலாளிங்க இருந்தாங்க.

அப்ப ஜூன் 19தான் கடைசி நாளா?

அதுவும் இல்ல. கென்டக்கியும் டெலவேரும் 1865 டிசம்பர் வரைக்கும் விடவே இல்ல. 13வது அரசியல் சட்டத் திருத்தம் டிசம்பர் 6ஆம் தேதி போதுமான மாநிலங்கள் சம்மதிச்சு அமலுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் அங்க முடிஞ்சுது. மிசிசிப்பி அந்தத் திருத்தத்துக்கு எப்போ ஒப்புதல் குடுத்துச்சு தெரியுமா? 1995ல! அந்தப் பேப்பரை முறைப்படி அனுப்பி வெச்சது 2013ல. சட்டப்படி இதனால ஒண்ணும் மாறப்போறதில்ல, ஆனாலும் பாருங்க.

சிவில் வார் அடிமைத்தனத்துக்காக நடக்கல, மாநில உரிமைக்காகன்னு என் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு

டெக்சாஸ்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்காம இருக்க முடியாது. அவர்கிட்ட மிசிசிப்பி மாநிலம் பிரிஞ்சப்போ அவங்களே எழுதி வெச்ச காரணத்தைப் படிக்கச் சொல்லுங்க, எங்க நிலைப்பாடு முழுக்க முழுக்க அடிமை முறையோட பிணைஞ்சதுன்னு ரெண்டாவது பத்தியிலயே இருக்கும். கான்ஃபெடரேட் (பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட கூட்டணி) துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச்ல, கறுப்பன் வெள்ளைக்காரனுக்குச் சமம் இல்லங்கிறதுதான் எங்க புது அரசாங்கத்தோட மூலைக்கல்னு மேடை போட்டே பேசினார்.

இன்னொண்ணு. 1850ல ஓடிப்போன அடிமைகளைப் பிடிச்சுக் குடுக்கிற சட்டம் வந்துச்சு. வடக்கு மாநிலத்துக்காரன் விரும்பாட்டாலும், அவன் ஊர்ல ஒளிஞ்சிருக்கிற ஆளைப் பிடிக்க அவனே ஒத்தாசை பண்ணணும், மத்திய அரசாங்கம் அதுக்குப் பின்னாடி நிக்கும். அப்போ தெற்குக்காரன் எவனும் மாநில உரிமைன்னு வாயைத் திறக்கல.

பணம்தான் அடிப்படை. 1860 சென்சஸ்ல அடிமைங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட 40 லட்சம், நாட்டு ஜனத்தொகைல எட்டுல ஒருத்தர். அன்னிக்கு மார்க்கெட் விலைல இந்த மனுஷங்களோட மொத்த 'மதிப்பு' நாட்டுல இருந்த ரயில்வேயும் ஃபேக்டரியும் சேர்ந்ததைவிட ஜாஸ்தி. இவ்வளவு சொத்தை எவன் சும்மா விடுவான்?

அடிமைங்க விடுதலைக்காகக் காத்துக்கிட்டு மட்டும்தான் இருந்தாங்களா?

எனக்குப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

1861 மே மாசம், போர் ஆரம்பிச்சு ஆறு வாரம்கூட ஆகல. வர்ஜீனியால ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட்னு மூணு பேர். கான்ஃபெடரேட் ராணுவத்துக்கு பீரங்கி மேடை கட்ட இவங்க ஆண்டை அனுப்பி வெச்சிருந்தான். ராத்திரி ஒரு படகை எடுத்துக்கிட்டு எதிர்ல இருந்த யூனியன் கோட்டை, ஃபோர்ட் மன்ரோவுக்குத் தப்பி வந்துட்டாங்க. மறுநாள் ஒரு கான்ஃபெடரேட் ஆபீசர் வந்து, சட்டப்படி எங்க ஆளுங்களைத் திருப்பிக் குடுன்னு கேக்கறான். கோட்டைல இருந்த ஜெனரல் பட்லர் அடிப்படைல வக்கீல். வர்ஜீனியாதான் தனி நாடுன்னு சொல்லிடுச்சே, வேற நாட்டுக்காரனுக்கு எங்க நாட்டுச் சட்டம் எப்படிப் பொருந்தும்னு கேட்டுட்டு, எதிரி போருக்குப் பயன்படுத்தின சரக்கை நான் பறிமுதல் பண்ணிட்டேன்னு சொல்லி அனுப்பிட்டார். மனுஷனை சரக்குன்னு சொல்லித்தான் காப்பாத்த வேண்டியிருந்துச்சு, ஆனா வழி திறந்துடுச்சு. சேதி பரவி, குடும்பம் குடும்பமா அந்தக் கோட்டையத் தேடி ஓடி வந்தாங்க, வாஷிங்டன்ல இருக்கிறவங்களுக்கு அடிமை விஷயத்துல முடிவு எடுத்தே ஆகணும்ங்கிற நெருக்கடி இப்படித்தான் வந்துச்சு. 1619ல வர்ஜீனியாவுக்கு முதல் முதல்ல ஆப்பிரிக்கர்களைக் கொண்டு வந்து வித்தது பாயின்ட் கம்ஃபர்ட்ங்கிற இடத்துல. ஃபோர்ட் மன்ரோ நிக்கிறது அதே மண்ணுலதான்.

அடுத்த வருஷம் ராபர்ட் ஸ்மால்ஸ். சார்ல்ஸ்டன் துறைமுகத்துல 'பிளான்டர்'ங்கிற கான்ஃபெடரேட் நீராவிக் கப்பலை ஓட்டுற அடிமை, வயசு 23. 1862 மே 13 விடியக்காலைல வெள்ளைக்கார ஆபீசருங்க கரைல தூங்கப் போன நேரம் பார்த்து கப்பலைக் கிளப்பிட்டார். வேற ஒரு இடத்துல ஒளிஞ்சிருந்த பொண்டாட்டி பிள்ளைங்களை ஏத்திக்கிட்டார். தலைல கேப்டனோட வைக்கோல் தொப்பி, நடையும் கேப்டன் மாதிரியே. வழில இருக்கிற கோட்டைங்களுக்கு எந்த எடத்துல எத்தனை விசில் குடுக்கணும்னு அத்துப்படி, கரெக்டா குடுத்து சம்டர் கோட்டையவும் தாண்டினதும் வெள்ளைத் துணியை ஏத்தி கப்பலை யூனியன் நேவிகிட்ட ஒப்படைச்சார். போருக்கு அப்புறம் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அதைவிட, தான் எந்த வீட்டுல அடிமையா பொறந்தாரோ பியூஃபோர்ட்ல இருக்கிற அதே வீட்டை வரி பாக்கி ஏலத்துல விலைக்கு வாங்கிட்டார். படமா எடுத்தா நம்ம ஆளுங்களே "ஓவர்பா"ன்னு சொல்வாங்க.

ஹாரியட் டப்மனைப் பத்தி எல்லாருக்கும் தெரியும்னு விடறேன், ஒண்ணு மட்டும். அடிமைத்தனத்துல இருந்து தப்பிச்சு வந்ததோட நிக்காம திரும்பத் திரும்ப மேரிலாந்துக்குப் போயி சுமார் 70 பேரை கூட்டிட்டு வந்தாங்க, அது பாடப்புத்தகத்துல இருக்கு. 1863 ஜூன்ல தென் கரோலினா கம்பாஹி ஆத்துல யூனியன் படகுங்களுக்கு வழிகாட்டி ஒரே ராத்திரில 700க்கு மேல ஆளுங்களை மீட்டாங்க, அது அவ்வளவா வெளில தெரியறதில்ல.

அப்புறம் யூனியன் ராணுவத்துல சேர்ந்த கறுப்பின வீரர்கள் சுமார் 1.8 லட்சம் பேர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர். இவங்களுக்கு 10, அதுலயும் துணிமணிக்குன்னு 3 பிடிப்பாங்க. மாசச்சூசெட்ஸ் 54வது படைப்பிரிவு, குடுத்தா முழுசா குடு இல்லன்னா ஒரு பைசாவும் வேணாம்னு சம்பளமே வாங்காம சண்டை போட்டுச்சு. 1864 ஜூன்லதான் சம சம்பளம்னு சட்டம் வந்துச்சு.

13வது திருத்தத்துல ஒரு ஓட்டை இருக்காமே?

இருக்கு. அடிமைத்தனம் கிடையாது, "குற்றத்துக்குத் தண்டனையா தவிர"ன்னு ஒரு வார்த்தை. தெற்கு மாநிலங்கள் இதை விடல. வேலை இல்லாம சுத்தறான், கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடலன்னு சின்னச் சின்ன காரணத்துக்கு எல்லாம் கறுப்பின மக்களைப் பிடிச்சு உள்ள போடற சட்டங்களை 1865லயே கொண்டு வந்தாங்க. பிடிச்ச கைதிங்களை தோட்டக்காரனுக்கும் சுரங்கக்காரனுக்கும் வாடகைக்கு விட்டாங்க. அடிமை செத்தா ஆண்டைக்கு நஷ்டம், வாடகைக் கைதி செத்தா அடுத்த ஆள் வருவான். அதனால இது பழைய அடிமைத்தனத்தைவிடக் கொடூரமா இருந்த இடங்கள் உண்டு.

ஹூஸ்டன் பக்கத்துல சுகர் லேண்ட்ல வீடு வாங்கியிருக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க. ஊர் பேர்லயே சர்க்கரை இருக்கு இல்ல? அது கரும்புத் தோட்டம். 1878ல எல்லிஸ், கன்னிங்ஹாம்னு ரெண்டு முதலாளிங்க டெக்சாஸ் மாநிலத்தோட மொத்தக் கைதிகளையும் குத்தகைக்கு எடுத்தாங்க. முழங்கால் அளவு சேத்துல கரும்பு வெட்டி, மலேரியா வந்து செத்தாங்க. 2018ல அங்க ஸ்கூல் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டறப்போ 95 பேரோட எலும்பு கிடைச்சுது. எல்லாரும் கறுப்பினத்தவர், பதினாலு வயசுப் பையன்ல இருந்து கிழவர் வரைக்கும். ரெஜினால்ட் மூர்னு ஒரு முன்னாள் ஜெயில் காவலர், இங்க கைதிங்க புதைகுழி இருக்கணும், பாருங்கன்னு வருஷக்கணக்கா ஆபீஸ் ஆபீஸா சொல்லிக்கிட்டே இருந்தவர். யாரும் கண்டுக்கல. கண்டுபிடிச்சு ரெண்டு வருஷத்துல, 2020ல, அவரும் போயிட்டார்.

விடுதலை ஆனப்போ கைல ஏதாவது குடுத்தாங்களா? 40 ஏக்கர்னு கேள்விப்பட்டிருக்கேன்

குடுத்தாங்க, ஆனா வேற ஆளுக்கு. 1862 ஏப்ரல்ல வாஷிங்டன் டிசில அடிமை முறைய ஒழிச்சப்போ, ஒரு அடிமைக்கு 300 டாலர் வரைக்கும் நஷ்டஈடு. யாருக்கு? முதலாளிக்கு.

40 ஏக்கர் கதை இது. 1865 ஜனவரி 12, ஜார்ஜியால சவானா ஊர். ஜெனரல் ஷெர்மனும் போர் மந்திரி ஸ்டான்டனும் 20 கறுப்பின மத போதகர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. இப்படி நேரா கேட்டதே பெருசு. அவங்க சார்பா பேசினவர் காரிசன் ஃபிரேசியர், வயசு 67, தன்னையும் பொண்டாட்டியையும் 1,000 டாலர் குடுத்து ஆண்டைகிட்ட இருந்து விலைக்கு வாங்கி விடுதலை ஆனவர். அவர் சுத்தி வளைக்காம சொன்னார், நிலம் வேணும், நாங்களே உழுது பிழைச்சுக்கறோம். நாலு நாள்ல உத்தரவு வந்துச்சு, கடலோர நிலம் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாம. சுமார் 40,000 பேர் குடியேறி விதைச்சும் ஆயிடுச்சு. ஏப்ரல்ல லிங்கனைச் சுட்டுட்டாங்க, அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருஷமே கலகக்கார முதலாளிங்களை மன்னிச்சு நிலத்தைத் திருப்பிக் குடுத்துட்டார். போட்ட பயிரோட வெளியேத்தினாங்க.

நிலம் இல்லன்னா என்ன ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பழைய ஆண்டைகிட்டயே விளைச்சல்ல பங்குன்னு வாரத்துக்கு நிலம் எடுத்து, விதைக்கும் சோத்துக்கும் அவன் கடைலயே கடன் வாங்கி, அறுவடை முடிஞ்சு கணக்கு பார்த்தா இன்னும் பாக்கி இருக்குன்னு அவன் சொல்ற நோட்டுப் புத்தகத்தை எதுத்துக் கேக்கவும் முடியாம தலைமுறை தலைமுறையா மாட்டிக்கிட்டாங்க.

இதுல ஒரு ஆள் மட்டும் கணக்கைத் திருப்பிப் போட்டார். ஜோர்டன் ஆண்டர்சன், டென்னசில அடிமையா இருந்து, போர் நடக்கறப்பவே விடுதலை ஆகி ஒஹாயோவுல டேட்டன்ல செட்டில் ஆனவர். 1865ல பழைய முதலாளி, திரும்பி வா, நல்லா பாத்துக்கறேன்னு லெட்டர் போட்டான். இவர் சொல்லச் சொல்ல எழுதின பதில் லெட்டர் பேப்பர்லயே வந்துச்சு. ரொம்ப மரியாதையா ஆரம்பிச்சு, நீங்க என்னைச் சுட்டதை மறந்துட்டு நலமா இருக்கீங்களான்னு விசாரிச்சுட்டு, உங்க நேர்மைய சோதிச்சுப் பாக்கணும் இல்லையா, அதனால பழைய சம்பள பாக்கிய முதல்ல அனுப்புங்கன்னு கேக்கறார். எனக்கு மாசம் 25 டாலர், 32 வருஷம். என் மனைவி மேண்டிக்கு வாரம் 2 டாலர், 20 வருஷம். ஆக மொத்தம் 11,680 டாலர். நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, டாலர் பிசகாது. வட்டியும் சேர்த்து, எங்களுக்கு வாங்கிக் குடுத்த துணி, டாக்டர் செலவு, மேண்டி பல்லு பிடுங்கின செலவு எல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தை அனுப்புங்கன்னு வேற. கடைசில, உங்க துப்பாக்கிய உங்க கைல இருந்து பிடுங்கினாரே, அவருக்கு என் நன்றியச் சொல்லிடுங்கன்னு ஒரு குத்து. பணம் வரல.

பிரிச்சு வித்த குடும்பங்கள் திரும்பச் சேர்ந்தாங்களா?

கொஞ்சப் பேர் சேர்ந்தாங்க. பெரும்பாலும் இல்ல. விடுதலை ஆனதும் ஜனங்க பண்ண முதல் காரியம் நடக்க ஆரம்பிச்சதுதான், அம்மாவை வித்த ஊரு, புருஷனை வித்த ஊருன்னு தேடி. நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு சர்ச் பேப்பர், 'லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்'னு 1870கள் கடைசில இருந்து ஒரு பகுதியே நடத்துச்சு. சந்தாதாரர்னா இலவசம், மத்தவங்களுக்கு 50 சென்ட். ஞாயித்துக்கிழமை போதகர் அதை சபைல சத்தமா வாசிக்கணும்னு கேட்டுக்கிட்டாங்க, ஏன்னா பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விளம்பரம் எல்லாம் ஒரே அச்சுதான். என்னை இன்னார் வெச்சிருந்தார், அப்புறம் இன்னாருக்கு வித்தார், அம்மா பேரு இது, தம்பிங்க பேரு இது, அவங்களைக் கடைசியா பார்த்தப்போ நான் சின்னப் பிள்ளை. முகவரியா குடுக்கறதுக்கு ஆண்டைங்க பேரைத் தவிர வேற ஒண்ணும் அவங்ககிட்ட இல்ல. பிரிஞ்சு முப்பது நாப்பது வருஷம் கழிச்சும் தேடியிருக்காங்க.

கறுப்பின நண்பர் ஒருத்தர் தன் வம்சாவளி 1870க்கு மேல போக மாட்டேங்குதுன்னார். ஏன்?

1850, 1860 சென்சஸ்ல அடிமைங்களுக்குத் தனி ஷீட். அதுல முதலாளி பேர் இருக்கும், அதுக்குக் கீழ வயசு, ஆணா பொண்ணா, நிறம். பேர் எழுதற கட்டமே கிடையாது. "35, ஆண், கறுப்பு" அவ்வளவுதான். எல்லாரும் பேரோட பதிவானது 1870 சென்சஸ்லதான். அதனால அதுக்கு முன்னாடி போகணும்னா தன்னோட தாத்தாவைத் தேடாம, அவரை வெச்சிருந்தவனோட உயிலையும் கணக்குப் புத்தகத்தையும் தேடணும்.

பாட்டு, மியூசிக்ல இதோட பாதிப்பு என்ன?

இதுக்கே தனியா எழுதணும், ஒரு சின்னத் துண்டு மட்டும் தரேன். தென் கரோலினால 1739ல அடிமைங்க கலகம் பண்ணப்போ மேளம் அடிச்சுக்கிட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் வந்த சட்டத்துல மேளத்துக்கும் தடை, எழுதக் கத்துக் குடுக்கவும் தடை. மேளம் போனதும் தாளம் கைக்கும் காலுக்கும் வந்துடுச்சு, கைதட்டு, தரைல மிதிக்கிறது, ஒருத்தர் எடுத்துக் குடுக்க கூட்டம் பதில் பாடறது. இன்னிக்கு கேக்கிற காஸ்பல், ப்ளூஸ், ஜாஸ், சோல், ஹிப்-ஹாப் எல்லாத்துக்கும் அடில இது இருக்கு. பான்ஜோவும் மேற்கு ஆப்பிரிக்க வாத்தியத்துல இருந்து வந்ததுதான், அதை வெள்ளைக்கார நாட்டுப்புற வாத்தியம்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க.

டென்னசில நாஷ்வில் ஊர்ல ஃபிஸ்க் பள்ளி, 1866ல விடுதலை ஆனவங்களுக்காக ஆரம்பிச்சது, அஞ்சே வருஷத்துல காசில்லாம மூடற நிலைமை. 1871ல ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் சேர்க்கக் கிளம்பினாங்க. தோட்டத்துல அப்பா அம்மா அழுது பாடின பாட்டை எல்லாம் மேடைல வெள்ளைக்காரன் முன்னாடி பாடறதுக்கு முதல்ல அவங்களுக்கே கூச்சம், அது அவங்களுக்குள்ள வெச்சிருந்த ஜெபம். கடைசில அந்தப் பாட்டுதான் ஊரையே கட்டிப் போட்டுச்சு. ஆரம்பத்துல கிடைச்ச சுமார் 50 டாலரையும் சிகாகோ தீ விபத்துல வீடிழந்தவங்களுக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட போனாங்க. 1873ல விக்டோரியா ராணி முன்னாடி பாடினாங்க. சேர்த்த பணத்துல கட்டின ஜூபிலி ஹால் இன்னும் நிக்குது.

ஜூன்டீன்த் சாப்பாடு எல்லாம் ஏன் சிவப்பா இருக்கு?

தர்பூசணி, ரெட் சோடா, ரெட் வெல்வெட் கேக், பார்பிக்யூ சாஸ். சிந்தின ரத்தத்தோட நினைவுன்னு சிலர் சொல்வாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல செம்பருத்தி வகைப் பூவுல போடற சிவப்பு சர்பத்து பழக்கம் தொடர்ந்து வந்ததுன்னு இன்னொரு விளக்கம், எனக்கு இது பொருத்தமா படுது. அந்தச் செடி நம்ம புளிச்சக்கீரைக்குச் சொந்தம்தான். கம்போ சூப்புக்குப் போடற வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. கரோலினா அரிசிக்காக நெல்லு வெவசாயம் தெரிஞ்ச பகுதி ஆளுங்களையே தேடிப் பிடிச்சு வாங்கினாங்க, அதாவது உழைப்பை மட்டும் திருடல, வெவசாய அறிவையும் சேர்த்துத் திருடினாங்க. நியூ இயர் அன்னிக்கு அரிசியும் காராமணியும் சேர்த்துப் பொங்கற 'ஹாப்பின் ஜான்' ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க, நம்ம நாக்குக்கு அந்நியமாவே இருக்காது.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய சம்பந்தம் ரெண்டு. போரால தெற்கத்திப் பருத்தி இங்கிலாந்துக்கு வராம போகவும், நம்ம பக்கத்துப் பருத்தி விலை எகிறி பம்பாய்ல பணம் கொட்டுச்சு, 1865ல போர் முடிஞ்சதும் அதே வேகத்துல பல பேர் திவால். இன்னொண்ணு, ஜோதிராவ் ஃபுலே 1873ல ஜாதிக் கொடுமைய எதிர்த்து எழுதின 'குலாம்கிரி' நூலை, அடிமைகள் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். நம்ம ஆளுங்களும் இதைப் பார்த்து வழி பிடிக்கட்டும்னு.

புது சம்பந்தம்தான் நம்ம வீட்டுக்குள்ள இருக்கு. இங்க பொறந்த உங்க பிள்ளை எப்படி சிட்டிசன் ஆச்சு? 14வது திருத்தம், 1868. கறுப்பினத்தவர் குடிமக்களே கிடையாதுன்னு 1857ல டிரெட் ஸ்காட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதை உடைக்க, விடுதலை ஆனவங்களுக்காகப் போட்ட சட்டம். 2025 ஜனவரில, ஜனாதிபதி ட்ரம்ப் விசால இருக்கிறவங்க பிள்ளைங்களுக்கு இந்த உரிமை கிடையாதுன்னு உத்தரவு போட்டு அது கோர்ட்டுக்குப் போனப்போ நம்ம குரூப்ல எத்தனை பேர் தூக்கம் இல்லாம இருந்தீங்க? நம்மள இங்க வர விட்ட 1965 குடியேற்றச் சட்டமும் சிவில் ரைட்ஸ் போராட்டம் உண்டாக்கின அலைலதான் பாஸ் ஆச்சு. இதெல்லாம் தெரிஞ்சும் "அவங்க ஏரியா வேணாம்"னு வீடு தேடறப்ப பேசறவங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல.

நூத்தம்பது வருஷம் ஆச்சு, இன்னும் எதுக்கு நஷ்டஈடு கேக்கறாங்க?

இன்னிக்குக் கேக்க ஆரம்பிச்ச மாதிரி பேசறதுதான் தப்பு. கேலி ஹவுஸ்னு ஒரு அம்மா, அடிமையா பொறந்தவங்க, நாஷ்வில்ல துணி துவைச்சுப் பிழைச்ச விதவை. 1890கள்ல, யூனியன் சிப்பாய்ங்களுக்குக் குடுக்கற மாதிரி முன்னாள் அடிமைங்களுக்கும் பென்ஷன் குடுன்னு ஊர் ஊரா போயி சங்கம் கட்டினாங்க. வயசான அடிமைங்க உயிரோட இருந்த காலம் அது, யாருக்குக் குடுக்கறதுன்னு குழப்பமே இல்ல. அரசாங்கம் என்ன பண்ணுச்சு? கிடைக்கவே போகாத பென்ஷனைக் காட்டித் தபால் மூலமா ஏமாத்தறாங்கன்னு கேஸ் போட்டு 1917ல ஜெயில்ல போட்டுச்சு. இது அக்கம்பக்கத்துக் கடன் பாக்கி மாதிரி, கேட்டப்போ எல்லாம் கதவைச் சாத்திட்டு, கேட்டவர் செத்ததும் ஆள் இல்லையே யாருக்குக் குடுக்கறதுன்னு சொல்ற கதை.

எப்போ இருந்து அரசாங்க லீவு?

ஜனங்க 1866ல இருந்தே கொண்டாடறாங்க. டெக்சாஸ் அரசு விடுமுறையா ஆனது 1980ல இருந்து, அல் எட்வர்ட்ஸ்ங்கிற கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் கொண்டு வந்த மசோதா. நாடு முழுக்க 2021 ஜூன் 17ல பைடன் கையெழுத்து போட்டார். இதுக்காக ஃபோர்ட் வொர்த் ஓப்பல் லீ அம்மா 2016ல, 89 வயசுல, வாஷிங்டனைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சவங்க. ஊர் ஊரா ரெண்டரை மைல் நடந்தாங்க, டெக்சாஸ் காத்திருந்த ரெண்டரை வருஷத்துக்காக.

"ஹேப்பி ஜூன்டீன்த்" சொல்லலாமா?

சொல்லலாம். மெமோரியல் டே மாதிரி துக்க நாள் இல்ல, கொண்டாட்டம்தான். கறுப்பின சக ஊழியரை மீட்டிங்ல நிறுத்தி "இதைப் பத்தி எங்களுக்குச் சொல்லுங்களேன்"னு மட்டும் கேக்காதீங்க.

பிள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போகலாம்?

ஹூஸ்டன்லயே எமான்சிபேஷன் பார்க். 1872ல விடுதலை ஆன ஜனங்க, ஜாக் யேட்ஸ்ங்கிற போதகர் முன்ன நிக்க, சில்லறை சில்லறையா சேர்த்து, ஜூன்டீன்த் கொண்டாட இடம் வேணும்னே பத்து ஏக்கர் வாங்கினாங்க. ஊர்ல இருந்த மத்த பார்க் பிறகு வெள்ளையருக்கு மட்டும்னு ஆனப்போவும் இது அவங்களோடதா இருந்துச்சு. கால்வஸ்டன்ல, கிரேஞ்சரோட ஆபீஸ் இருந்த இடத்துப் பக்கத்துச் சுவர்ல 2021ல வரைஞ்ச பெரிய ஓவியம் இருக்கு, அப்படியே ரீடி சேப்பல் சர்ச்சையும் பார்த்துடுங்க. பெரிய பிள்ளைங்கன்னா லூசியானா விட்னி தோட்டம், முதலாளி மாளிகைய விட்டுட்டு அடிமைங்க வாழ்க்கைய மையமா வெச்சுக் காட்டற இடம். ஜூன்ல போனா வெயில் கொளுத்தும், காலைலயே கிளம்பிடுங்க, தண்ணி எடுத்துக்கோங்க.